கொசுவை அறுத்துப் பார்த்த டாக்டர்

நான் சிவில் இரண்டாமாண்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். மலருக்குக் கட்டுரை கேட்டபோது பலரும் ராமானுஜம், அப்துல் கலாம் என்று எழுதுவார்கள் என்று தெரியும். நான் டாக்டர் ரொனால்டு ராஸைப் பற்றி எழுதுகிறேன். அதற்குக் காரணம் எங்க அப்பா.

அப்பாவுக்குச் சென்ட்ரிங் வேலை. புவனகிரி பக்கத்திலிருந்து சென்னைக்குப் போனால் மாசக்கணக்கில் கட்டடத்திலேயே தங்குவார். போன வருஷம் ஆடி மாதம் காய்ச்சலோடு வந்தார். ஒருநாள் பல்லெல்லாம் கிட்டிக்கொண்டு நடுங்குவார், அப்புறம் வேர்த்துக் கொட்டும். மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து உட்காருவார். அதற்கு மறுநாள் திரும்பவும் நடுக்கம். முறைக்காய்ச்சல் என்று அம்மா சொல்லிச்சு. பயந்திருப்பான், மந்திரிச்சு விடுங்க என்று ஆயா சொல்லிச்சு. கடைசியில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் ரத்தம் தடவிப் பார்த்து, வைவாக்ஸ் வகை மலேரியா என்றார்கள். மூன்று நாள் குளோரோகுயின், பதினான்கு நாள் பிரைமாகுயின். காய்ச்சல் மூணாம் நாளே நின்றுபோனது. மீதி மாத்திரையை அப்பா ஓட்டுச் சந்தில் செருகிவிட்டுச் சென்னைக்குக் கிளம்பிவிட்டார். தை மாதம் அதே காய்ச்சல் திரும்ப வந்தது. வைவாக்ஸ் கிருமி கல்லீரலில் தூங்கிக் கிடந்து மறுபடி எழும் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்தச் சமயம் நூலகத்தில் தேடியபோது கிடைத்தவர்தான் ராஸ்.

1857 மே 13-ல் இமயமலை அடிவார ஊரான அல்மோராவில் பிறந்தார். அப்பா ஆங்கிலேய ராணுவ அதிகாரி. எட்டு வயதில் இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பிவிட்டார்கள். பையனுக்குக் கவிதை, ஓவியம், கணக்கு இவற்றில்தான் ஆசை. அப்பாவின் பிடிவாதத்தால் டாக்டருக்குப் படித்தார். அரைமனசாகப் படித்ததில் ஒரு பரீட்சையில் தோற்றும் போனார். (அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்கவும்!) 1881-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். பல வருஷம் கதை எழுதுவதும் கணக்குப் போடுவதுமாகப் போயிற்று. 1888-ல் விடுப்பில் லண்டன் போய்ப் பொது சுகாதாரத்தில் ஒரு சான்றிதழ் வாங்கினார். அதுவும் டிப்ளமாதான், நண்பர்களே!

மலேரியாக் கிருமியை மனித ரத்தத்தில் 1880-லேயே லாவெரான் என்ற பிரெஞ்சு டாக்டர் அல்ஜீரியாவில் கண்டுபிடித்திருந்தார். ராஸ் முதலில் அதை நம்பவில்லை. 1894-ல் லண்டனில் பாட்ரிக் மேன்சன் என்ற டாக்டர் மைக்ராஸ்கோப்பில் காட்டிய பிறகுதான் நம்பினார். யானைக்கால் நோயின் புழு கொசுவுக்குள் வளர்வதை முன்பே கண்டவர் மேன்சன். மலேரியாவிலும் கொசுவுக்குப் பங்கு இருக்க வேண்டும் என்பது அவருடைய ஊகம். அதை நிரூபிக்கிற வேலையை ராஸ் தலையில் ஏற்றிக்கொண்டு 1895-ல் செகந்தராபாத் வந்தார்.

இரண்டு வருஷம் ஒன்றும் கிடைக்கவில்லை. நோயாளிகளைக் கடிக்க விட்டு, கொசுவை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். அவர் பிடித்ததெல்லாம் வேறு ஜாதிக் கொசுக்கள். அந்த ஜாதிகளில் மனித மலேரியா வளரவே வளராது, அது அவருக்குத் தெரியாது. 1897-ல் விடுப்பு எடுத்து நம் நீலகிரிக்கு வந்தார். ஊட்டி ஏழாயிரம் அடிக்கு மேலே இருக்கிற குளிர்ப் பிரதேசம், அங்கே மலேரியா பரவாது. ஆனால் வடக்கே சீகூர் மலைப்பாதையில் இறங்கினால் காப்பித் தோட்டங்களிலும் பள்ளத்தாக்கிலும் மலேரியா கொட்டிக் கிடந்தது. அதைப் பார்க்கப் போன பயணத்தில் ராஸையே மலேரியா பிடித்துக்கொண்டது.

மேலே இல்லாத நோய் கீழே ஏன் இருந்தது? கெட்ட காற்று என்று அந்தக் காலத்தில் சொன்னார்கள். இன்றைக்கு விடை வேறு. கொசு, வெப்பநிலை எவ்வளவோ அதே சூட்டில்தான் அதன் உடம்பும் இருக்கும், நமக்குப் போலச் சொந்தச் சூடு கிடையாது. அது குடித்த ரத்தத்தில் உள்ள கிருமி, வயிற்றுச் சுவரில் வளர்ந்து, பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த ஆளுக்குப் பரவும். சுமார் 16 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இந்த வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். ஃபால்சிபாரம் வகைக்கு 18 டிகிரியாவது வேண்டும். 20 டிகிரியில் அதற்கு நாலு வாரம் பிடிக்கும், 25 டிகிரியில் பன்னிரண்டு நாள் போதும். பெண் கொசுவின் ஆயுளோ சில வாரம்தான், பாதி அதற்கு முன்பே செத்துவிடும். குளிர் ஊரில் கிருமி தயாராவதற்குள் கொசு போய்ச் சேர்ந்துவிடுகிறது. அப்படியானால் சூடு ஏற ஏற ஆபத்தா என்றால் அதுவும் இல்லை. 35 டிகிரிக்கு மேலே கொசுவே தாங்காது. எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தால் 25 டிகிரி வாக்கில்தான் மலேரியா அதிகம் பரவும் என்று 2013-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. நம்ம கடலூர் கத்திரி வெயிலில் இல்லை, மழை விட்டு இதமாக இருக்கிறது என்று நாம் சந்தோஷப்படுகிற நாளில்! எத்தியோப்பியா, கொலம்பியா மலைகளில் வெப்பம் கூடிய வருஷங்களில் மலேரியா மேலே ஏறியது என்று 2014-ல் கண்டிருக்கிறார்கள்.

ராஸ் செகந்தராபாத் திரும்பினார். கோடைப் புழுக்கம். பங்கா போட்டால் அறுத்து வைத்த கொசு பறந்துவிடும் என்று காற்றே இல்லாமல் உட்கார்ந்தார். வியர்வை பட்டு மைக்ராஸ்கோப் திருகாணி துருப்பிடித்தது. ஆகஸ்டில் புள்ளி இறக்கைக் கொசுக்கள் சில கிடைத்தன. இன்று அனாபிலிஸ் என்று படிக்கிறோமே, அந்த இனம். ஹுசேன் கான் என்ற மலேரியா நோயாளி, கொசுவுக்கு ஓர் அணா கூலியில் கடி வாங்கிக்கொண்டார். பத்துக் கொசு, பத்து அணா. நோபல் பரிசுக் கதையில் அவர் பெயரையும் பாடத்தில் சேர்த்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். 16-ஆம் தேதி கடித்த கொசு ஒன்றை 20-ஆம் தேதி அறுத்தபோது, வயிற்றுச் சுவரில் கருப்புத் துகளோடு வட்டமான செல்கள் தெரிந்தன. அது கிருமிதான் என்றால் மறுநாள் பெரிதாகியிருக்க வேண்டும். மறுநாள் இன்னொரு கொசுவை அறுத்தார், பெரிதாகித்தான் இருந்தது. இதே வேலையை ஊட்டிக் குளிரில் செய்திருந்தால் ஐந்து நாளில் ஒன்றும் தெரிந்திருக்காது, மறுபடியும் கைவிட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு அவரை ராஜபுதனத்துக்கு மாற்றினார்கள், அங்கே மலேரியா நோயாளி கிடைப்பதே அரிது. 1898-ல் கல்கத்தா. அங்கே பறவை மலேரியாவை வைத்து, கொசுக் கடியால் ஆரோக்கியமான குருவிக்கு நோய் வருவதை நிரூபித்தார். மனிதருக்கு அனாபிலிஸ் மூலம் வருவதை அதே ஆண்டு இத்தாலியர்கள் காட்டினார்கள். யார் முதல் என்று கிராஸி என்ற இத்தாலியரோடு ராஸ் ஆயுள் முழுக்கச் சண்டை போட்டார், அது அவருக்குப் பெருமை சேர்க்கவில்லை. 1902-ல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார். 1932 செப்டம்பர் 16-ல் லண்டனில் காலமானார்.

எனக்குப் பிடித்தது அவர் பிற்காலத்தில் போட்ட கணக்கு. கொசுவை ஒன்று விடாமல் ஒழிக்க முடியாதே, அப்புறம் எதற்கு இந்த வேலை என்று பலர் கேட்டார்கள். ஒழிக்கவே வேண்டாம், ஓர் அளவுக்குக் கீழே குறைத்தால் மலேரியா தானே அணைந்துவிடும் என்று சமன்பாடு போட்டுக் காட்டினார். 1950-களில் மெக்டொனால்டு என்பவர் கொசுவின் ஆயுளையும் அதில் சேர்த்தார். கடலூருக்குப் பக்கத்தில் புதுச்சேரியில் 1975 முதல் கொசு ஆராய்ச்சிக்கென்றே ஒரு மத்திய நிறுவனம் இருக்கிறது.

சென்னை மாதிரி நகரத்தில் மலேரியா பரப்புவது அனாபிலிஸ் ஸ்டீபன்சி. அது முட்டையிடுவது கிணறு, மூடியில்லாத மாடித்தொட்டி, கட்டடத்தில் கியூரிங்குக்குத் தேக்கிய தண்ணீர். நம்ம சிவில்காரர்கள் சமாச்சாரம்! சூடான நாளில் பத்து நாளுக்குள் முட்டை கொசுவாகிவிடும், வாரம் ஒருமுறை தண்ணீரை வடித்துவிட்டால் அது நடக்காது. அப்பா வேலை செய்த இடத்தில் தொட்டிக்கு மூடியே கிடையாதாம், கான்ட்ராக்டரிடம் கேட்டால் நாளைக்கு வேலைக்கு வராதே என்பாராம்.

இரண்டாவது தடவை பதினான்கு நாளும் நானே எண்ணி மாத்திரை கொடுத்தேன், காலண்டரில் பென்சிலால் அடித்துக்கொண்டு. அப்புறம் காய்ச்சல் இல்லை. இந்த மாசம் அப்பா மறுபடி சென்னை போகிறார். உதவித்தொகைப் பணத்தில் சிதம்பரம் கடைத்தெருவில் ஒரு கொசுவலை வாங்கிக் கொடுத்தேன். விரித்துப் பார்த்துவிட்டு, இது ஒரு ஆளுக்குத்தானே, பக்கத்துல படுக்கிறவங்களுக்கு என்ன பண்றது என்று கேட்டார். தொட்டிக்கு ஒரு பலகை வெட்டி நாங்களே மூடி போட்டுக்கிறோம், அளவு எப்படி எடுக்கணும்னு சொல்லு என்றார். நோட்டில் வரைந்து கொடுத்திருக்கிறேன்.