ஹியூமும் மஞ்சட்குருவியும்

1885ஆம் ஆண்டில் இந்திய தேசியக் காங்கிரசு தோன்றுவதற்கு முன்னின்று உழைத்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம், பறவை நூற் புலமையிலும் நிகரற்று விளங்கினார். 1829இல் பிறந்த அவர், 1849இல் இந்தியா போந்து ஆட்சிப் பணி ஏற்றார். எட்டாவா மாவட்டத்தில் பள்ளிகள் பல நிறுவினார்.

இமயத்தின் அடிவாரத்தே நீர் தேங்கி நிற்கும் புல்வெளிப் பரப்பு தராய் எனப்படும். ஆளை மறைக்கும் நாணலும் புல்லும் அடர்ந்த அந்நிலத்தில், காலாதுங்கி என்னும் ஊரின் அருகே, பருத்த அலகுடைய தூக்கணாங்குருவி ஒன்று ஹியூமின் கைக்கு எட்டியது. அது தனியினம் எனத் தெளிந்து 1869இல் உலகிற்கு உணர்த்தினார். ஆயினும், பின்னாளில் கல்கத்தாப் பக்கத்தில் அதனைக் கண்ட ஃபின் என்பாரின் பெயரே அதற்கு வழங்கலாயிற்று. முதலில் கண்டவர் ஒருவர். பெயர் பெற்றவர் மற்றொருவர்!

இந்தியப் பறவைகள் அனைத்தையும் பற்றிப் பெருநூல் ஒன்று இயற்ற விழைந்த ஹியூம், பல்லாண்டுகள் திரட்டிய குறிப்பேடுகளைச் சிம்லாவில் வைத்திருந்தார். குளிர்காலத்தில் அவர் வெளியூர் சென்றிருக்க, ஏவலாள் ஒருவன் அவ்வேடுகளைக் கடைத்தெருவில் பழந்தாளாக விற்றுவிட்டான். அவர் உள்ளம் உடைந்தது. மீண்டும் எழுத மனம் எழவில்லை. பறவைத் தோல்களும் முட்டைகளுமாக 80,000க்கு மேற்பட்ட தம் தொகுப்பை 1885இல் இலண்டன் அருங்காட்சியகத்திற்கு வழங்கிவிட்டார். 1912இல் இங்கிலாந்தில் உயிர் நீத்தார்.

தராய்ப் புல்வெளி பெரும்பாலும் நெல்வயலாகவும் கரும்புத் தோட்டமாகவும் மாறிவிட்டது. இலவமரத்தின் உச்சியில் கூடு கட்டும் அம்மஞ்சட்குருவி, எஞ்சிய சிலவிடங்களில் மட்டுமே இன்று காணப்படுகின்றது.