செருப்புத் தைத்தவர் நிறுவிய கலாசாலை



பிளஸ் டூ தேறிய பிள்ளையை எந்தக் காலேஜில், எந்தப் பாடத்தில் சேர்ப்பது என்று தோணிரேவிலும் சுற்றியுள்ள குப்பங்களிலும் வருஷந்தோறும் யோசனை நடக்கிறது. எபிரேயமும் கிரேக்கமும் குருமடத்துக்குப் போகிறவனுக்கு, உயிரியல் டாக்டராக நினைப்பவளுக்கு, காமர்ஸ் கணக்கெழுதப் போகிறவனுக்கு என்று நாமே பங்கு பிரித்து வைத்திருக்கிறோம். இம்மூன்றையும் தம் ஒரே ஆயுளில் சுமந்த ஒருவரைப் பற்றி இவ்வாரம் சொல்லப் போகிறேன். அவர் வில்லியம் கேரி. நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர். பாப்டிஸ்டு சபையார், நம் பிரிந்த சகோதரர். ஆயினும் அவருடைய சரித்திரம் நம் வீடுகளிலும் வாசிக்கத் தக்கதே.

கேரி 1761-ஆம் வருஷம் ஆகஸ்டு 17-ஆம் தேதி இங்கிலாந்தில் ஒரு சிற்றூரில் நெசவுத் தொழிலாளியின் மகனாய்ப் பிறந்தார். சிறு வயதிலேயே செருப்புத் தைக்கும் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தார். காலேஜ் வாசலை மிதித்தவரல்லர். தோல் தைத்துக்கொண்டே இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய பாஷைகளைப் படித்தார். ஒரு காலத்தில் நம் பழவேற்காட்டுக் கோட்டையில் பேசப்பட்ட டச்சு பாஷையையுங்கூட அவர் விடவில்லை. செடி, பூச்சி, பறவை என்று கண்டதையெல்லாம் பிள்ளைப் பிராயத்திலேயே வீட்டில் கொண்டுவந்து சேர்த்தவர். எந்த மாதம் முகத்துவாரம் வழியாக இறால் குஞ்சு ஏரிக்குள் ஏறும் என்பது நம் பெரியவர்களுக்குத் தெரியும். அதற்கு உயிரியல் என்று யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். கேரி படித்ததும் முதலில் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான்.

1793 நவம்பரில் குடும்பத்தோடு கல்கத்தா வந்து சேர்ந்தார். இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவருடைய மனைவி டாரத்தி எழுதப் படிக்கத் தெரியாதவர். கலியாணப் பதிவில் பெயருக்குப் பதிலாகச் சிலுவைக் குறியிட்டவர். கப்பலேறவே மனமில்லாதிருந்து, கைக்குழந்தையோடு கடைசி நேரத்தில் இணங்கி வந்தார். மறு வருஷமே பீட்டர் என்னும் ஐந்து வயது மகன் வயிற்றுக் கடுப்பில் இறந்தான். தாயின் புத்தி கலங்கியது. 1807-இல் இறக்கும்வரை தெளியவேயில்லை. கணவர் ஒரு அறையில் வேதாகமத்தை மொழிபெயர்க்க, மனைவி அடுத்த அறையில் அடைபட்டுக் கிடந்தார். கேரியின் சரித்திரத்தை எழுதுவோர் பலர் இதை இரண்டு வரியில் கடந்து போகிறார்கள். எனக்கு அப்படிக் கடக்க மனம் வரவில்லை. அத்தனை பாஷைகள் கற்றவரின் வீட்டில் அந்த அம்மாள் பேச்சுத்துணையின்றியே வாழ்ந்திருக்க வேண்டும்.

கும்பினியார் தங்கள் எல்லைக்குள் மிஷனெரிமாரை விரும்பவில்லை. ஆகவே 1800-இல் கேரி, நம் தரங்கம்பாடியைப் போல டென்மார்க்குக்காரர் கையிலிருந்த செராம்பூருக்குக் குடிபோனார். மார்ஷ்மன், வார்டு என்னும் இருவர் அங்கே கூட்டாளிகளாயினர். மார்ஷ்மன் தம்பதிகள் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். வார்டு அச்சுக்கூடம் நடத்தினார். கேரி கல்கத்தாவில் கும்பினி உத்தியோகஸ்தருக்கு வங்காளமும் சமஸ்கிருதமும் கற்பித்தார். மூவர் சம்பாத்தியமும் ஒரே பெட்டியில் விழுந்தது. சாப்பாட்டுக்கும் சிறு செலவுக்கும் போக மீதியெல்லாம் பொது வேலைக்கு. 1812-இல் அச்சுக்கூடம் எரிந்து, எழுத்தச்சுகளும் கையெழுத்துப் பிரதிகளும் சாம்பலாயின. மறுபடி தொடங்கினார்கள். நம் ஏரியின் வடகரையில் பேசும் தெலுங்குக்கு 1814-இல் கேரி இலக்கணம் எழுதி வெளியிட்டார். அவசரத்தில் செய்த மொழிபெயர்ப்புகள் பலவற்றைப் பின்வந்தோர் திருத்தி எழுத வேண்டியதாயிற்று என்பதும் உண்மையே. பாஷைகளைச் சற்றுக் குறைத்திருக்கலாம்.

1818-இல் மூவரும் செராம்பூர்க் கலாசாலையை நிறுவினார்கள். முதலில் சேர்ந்தவர் 37 பேர். ஏறத்தாழப் பாதிப்பேர் கிறிஸ்தவரல்லாதவர். சாதி, மதம் கேட்டுக் கதவை அடைக்கவில்லை. கேரி வேதசாஸ்திரமும் கற்பித்தார், தாவரமும் பிராணியும் பற்றிப் பாடமும் சொன்னார்.

இதற்கு எதிர்ப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? பணம் கொடுத்த கிறிஸ்தவர்களிடமிருந்தே! அமெரிக்காவில் வார்டு காணிக்கை திரட்டினபோது, அந்தப் பணம் வேதம் படிக்கிறவர்களுக்கு மட்டுமே செலவாக வேண்டும், அறிவியலுக்கு ஒரு காசும் போகக் கூடாதென்று நிபந்தனை விதித்தார்கள். கேரிக்கு மனம் மிகவும் வருந்தியது. அறிவியல் தெரியாமல் ஒருவன் எப்படிக் குருத்துவப் பணிக்குத் தகுதி பெறுவான் என்று திருப்பிக் கேட்டார். சர்வேசுரன் எழுதின இரண்டு புத்தகங்களில் ஒன்றை மூடி வைத்துக்கொண்டு மற்றதைப் படிக்க முடியாது என்பதே அவர் எண்ணமாயிருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். ‘சாமியாருக்கு எதற்குத் தவளையும் பூவும்’ என்று கேட்பவர்கள் நம்மிடையேயும் இல்லாமலில்லை.

பணக் கணக்கிலும் அவர் கண் இருந்தது. ஏழைகள் கொடுவட்டிக்காரன் கையில் சிக்காதிருக்கும்படி 1819-இல் செராம்பூரில் சேமிப்பு வங்கி ஏற்பட்டது. வலை வாங்க வியாபாரியிடம் முன்பணம் பெற்று, பிடித்த மீனை அவன் சொன்ன விலைக்கே கொடுக்கும் வீட்டாருக்கு அதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்களுடைய சொந்தக் கணக்கே தப்பிப் போயிற்று. 1830-இல் கல்கத்தாவின் பெரிய வர்த்தகக் கம்பெனியான பாமர் கம்பெனி முறிந்தது. பின்னர் மற்றக் கம்பெனிகளும் ஒவ்வொன்றாய் விழுந்தன. அவற்றில் போட்டு வைத்திருந்த பொதுப் பணம் போயிற்று. அதே சமயத்தில் கேரியின் ஆசிரியர் பதவியும் எடுக்கப்பட்டு, உபகாரச் சம்பளமே மிஞ்சியது. வயதோ எழுபதை நெருங்கியிருந்தது. கலாசாலை மட்டும் நின்றது. 1827-இலேயே டென்மார்க்கு அரசர் அதற்குப் பட்டமளிக்கும் உரிமை கொடுத்திருந்தார். இன்றும் அங்கே வேதசாஸ்திரத்தோடு கலை, அறிவியல், வர்த்தகப் படிப்புகள் நடக்கின்றன.

கேரி 1834 ஜூன் 9-ஆம் தேதி இறந்தார். உயிலில் தாம் சேர்த்த சங்கு, பவளம், பூச்சி, உலர்த்திய செடிகள் யாவற்றையும், எபிரேயச் சொல்லடைவு ஒன்றையும், பல பாஷை வேதாகமங்களையும் கலாசாலைக்கு எழுதி வைத்தார். ஜாபேசு என்னும் மகனுக்குக் கொடுக்க வேண்டிய 1500 ரூபாய்க்குக் கையில் பணமில்லை. மீதிப் புத்தகங்களை விற்று அதைக் கொடுக்கும்படி எழுதியிருந்தார்.