செவர்லே: பெயருக்குப் பின்னால் ஒரு மெக்கானிக்



கல்யாண வீட்டு வாசலில் டவேரா வண்டி நிற்பதைப் பார்க்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. அதன் முன்னால் இருக்கும் சின்னம்தான் செவர்லே. 2017-ஆம் ஆண்டோடு நம் நாட்டில் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் பெயர் நமக்குப் பழகிப்போச்சு. அது ஓர் ஊரின் பெயர் அல்ல, ஒரு மெக்கானிக்கின் பெயர். கையில் டிப்ளமோவோ டிகிரியோ இல்லாத மெக்கானிக். அவர் வாழ்க்கையை என் சக மாணவர்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

லூயி செவர்லே 1878 டிசம்பர் 25-ஆம் தேதி சுவிட்சர்லாந்தில் பிறந்தார். அப்பா கடிகாரம் செய்பவர். லூயி சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் பிரான்ஸ் நாட்டில் போன் என்ற ஊருக்குப் போய்விட்டது. அங்கே சைக்கிள் கடையில் வேலை. பகலில் ரிப்பேர், லீவு நாளில் சைக்கிள் ரேஸ். பிறகு பாரிஸ் போய் மோட்டார் கம்பெனியில் தொழில் பழகினார். 1900-ல் கப்பல் ஏறிக் கனடா போனார். அங்கிருந்து அமெரிக்கா. தாய்மொழி பிரெஞ்சு. புதுத் தேசத்தில் அவரிடம் இருந்த ஒரே சிபாரிசுக் கடிதம் அவருடைய கைத்தொழில்தான்!

1905-ல் ஃபியட் கார் ஓட்ட அவருக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது. நியூயார்க்கில் ஒரு மைல் தூரத்தை 52.8 வினாடியில் கடந்தார். மணிக்குச் சுமார் 110 கிலோமீட்டர் வேகம்! ஒரே நாளில் ஊரறிந்த மனிதராகிவிட்டார். அடுத்து பியூக் கம்பெனியின் ரேஸ் அணியில் சேர்ந்தார். தம்பி ஆர்தரும் அதே அணியில் ஓட்டினார். அந்தக் கம்பெனியின் முதலாளி வில்லியம் டூரண்ட். ஜெனரல் மோட்டார்ஸை 1908-ல் தொடங்கியவரும், 1910-ல் அதன் நிர்வாகத்தை இழந்தவரும் அவரே.

மறுபடி எழுந்து நிற்க டூரண்டுக்கு ஒரு புகழ்பெற்ற பெயர் தேவைப்பட்டது. 1911 நவம்பர் 3-ஆம் தேதி செவர்லே மோட்டார் கம்பெனி பிறந்தது. லூயியும் கூட இருந்து உருவாக்கிய முதல் கார் ஆறு சிலிண்டர் கொண்டது, விலை 2,000 டாலருக்கு மேல். ஃபோர்டு கம்பெனியின் மாடல் டி கார் அப்போது அதில் மூன்றில் ஒரு பங்கு விலைக்கே கிடைத்தது. டூரண்டுக்கு மலிவான கார் வேண்டும், லூயிக்கு உசத்தியான கார் வேண்டும். ஒத்துவரவில்லை. 1913 வாக்கில் லூயி வெளியேறினார், பங்குகளையும் விற்றுவிட்டார். ஆனால் பெயர்? அது கம்பெனியிடமே தங்கிவிட்டது. இனி அவர் கார் செய்தால் சொந்தப் பெயரை வைக்க முடியாது!

இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு என் அப்பா ஞாபகம்தான் வந்தது. அவர் இருபது வருஷமாக லேத் பட்டறையில் வேலை செய்கிறார். அவர் கடைந்து கொடுத்த ஷாஃப்ட் எத்தனையோ மோட்டாரில் ஓடிக்கிட்டு இருக்கு. ரசீதில் இருப்பது பட்டறையின் பெயர். அப்பாவுக்கு அதில் வருத்தம் எதுவும் கிடையாது. எனக்குத்தான் அந்த யோசனை.

லூயி சும்மா உட்காரவில்லை. தம்பிகளோடு சேர்ந்து ஃபிரான்டினாக் என்ற பெயரில் ரேஸ் கார்கள் செய்தார். 1920-ல் அவர் செய்த மன்ரோ காரை ஓட்டிக் கடைசித் தம்பி காஸ்டன் இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் ஜெயித்தார். 1912-க்குப் பிறகு அதில் ஓர் அமெரிக்க கார் ஜெயித்தது அதுவே முதல் தடவை. ஆனால் சந்தோஷம் ஆறு மாசம்கூட நிற்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் கலிஃபோர்னியாவில் நடந்த பந்தயத்தில் விபத்து, காஸ்டன் இறந்துபோனார். 1921-ல் மறுபடி ஃபிரான்டினாக் கார் ஜெயித்தது. ஆனால் தொழிலில் பணம் நிற்கவில்லை.

அப்போது லூயி செய்ததுதான் என்னைப் பொறுத்தவரை அவர் வாழ்க்கையின் பெரிய வேலை. புதுக் காருக்குப் பதிலாக, தெருவில் ஓடும் மலிவான பழைய காருக்கு ஒரு சிலிண்டர் ஹெட் செய்து விற்க ஆரம்பித்தார்!

மாடல் டி எஞ்சினைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நாலு சிலிண்டர், 2.9 லிட்டர், ஆனால் வெறும் 20 குதிரைத் திறன். காரணம், அது சைடு வால்வு எஞ்சின். வால்வுகள் பிஸ்டனுக்குப் பக்கத்தில், பிளாக்கிலேயே இருக்கும். கலவை மேலே ஏறி, பக்கவாட்டில் திரும்பி, சிலிண்டருக்குள் இறங்கணும். எரியும் அறையும் வால்வுக்கு மேலெல்லாம் பரந்து கிடக்கும். அதனால் கம்ப்ரஷன் ரேஷியோ சுமார் 4 தான். நல்ல வேளை, அதன் ஹெட் தனியாகக் கழற்றக் கூடியது. போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும்.

அந்த ஒரு வசதியை லூயி பிடித்துக்கொண்டார். அவருடைய ஃபிரான்டினாக் ஹெட்டில் வால்வுகள் பிஸ்டனுக்கு நேர் மேலே வந்தன. பழைய கேம்ஷாஃப்டே புஷ் ராட், ராக்கர் ஆர்ம் வழியாக அவற்றைத் திறக்கும். கலவை வரும் வழி சுலபமானது, அறை சிறுத்தது, கம்ப்ரஷன் ஏறியது. பிளாக் அதே பிளாக். முழு எஞ்சின் வாங்க முடியாதவன் ஹெட்டை மட்டும் வாங்கினால் போதும்! உபயோகத்துக்கு ஏற்றபடி பல வகை ஹெட் இருந்தன. உச்சத்தில் இரட்டை ஓவர்ஹெட் கேம், 16 வால்வு கொண்ட ரேஸ் ஹெட். ஒரு எச்சரிக்கையும் உண்டு. மேலே பவர் கூடினால் கீழே கிராங்க் ஷாஃப்டுக்குப் பாரம் கூடும். மாடல் டி கிராங்க் மெல்லியது. அதனால் ரேஸ் ஓட்டியவர்கள் அடிப்பாகத்தையும் பலப்படுத்தினார்கள்.

பலன் என்ன? 1923 இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் விலை உயர்ந்த ரேஸ் கார்களுக்கு நடுவே ஃபிரான்டினாக் ஹெட் போட்ட ஒரு ஃபோர்டு 500 மைல் ஓடி ஐந்தாவதாக வந்தது. சராசரி வேகம் மணிக்குச் சுமார் 133 கிலோமீட்டர்!

பிறகு விமான எஞ்சின் தொழிலில் இறங்கினார். 1929-ல் பங்குச் சந்தை சரிந்தது. கையிலிருந்ததும் போனது. 1930-களில் தன் பெயரைத் தாங்கிய அதே கம்பெனிக்கே வேலைக்குப் போனார். உடல்நலம் கெட்டதால் அதையும் விட வேண்டியதாயிற்று. 1941 ஜூன் 6-ஆம் தேதி காலமானார். அவர் சமாதி இண்டியானாபொலிஸில் இருக்கிறது.

ஆனால் அவர் காட்டிய வழி சாகவில்லை. 1955-ல் செவர்லே கம்பெனி ஸ்மால் பிளாக் வி-8 எஞ்சினைக் கொண்டு வந்தது. 1967-ல் வந்த கமேரோ போன்ற 'மசில் கார்'களில் அது ஓடியது. அந்தக் குடும்ப எஞ்சின்களின் ஹெட்டுகள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும். அதனால் அமெரிக்காவில் பழைய கமேரோ வைத்திருக்கும் சாதாரண ஆள் புது அலுமினிய ஹெட் வாங்காமல், 1996 முதல் வந்த பிக்-அப் வண்டிகளின் வோர்டெக் இரும்பு ஹெட்டைப் பழைய சாமான் யார்டில் தேடுகிறார். கிடைத்ததும் விரிசல் இருக்கான்னு முதலில் சோதிக்கணும். முகத்தை மட்டம் பார்க்கணும், வால்வு சீட்டைச் சரி செய்யணும். போல்ட் அமைப்பு வேறு என்பதால் இன்டேக் மேனிஃபோல்டையும் மாற்றணும். அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்க்காவிட்டால் மலிவு மலிவாக இருக்காது. எரியும் அறை 76 சி.சி.யிலிருந்து 64 சி.சி.யாகக் குறைந்தால், 5.7 லிட்டர் எஞ்சினில் கம்ப்ரஷன் ஏறக்குறைய ஒரு எண் கூடும். பாடத்தில் நாம் போடும் அதே கணக்குதான் நண்பர்களே!

லூயி செவர்லேயின் கை எந்த இடத்திலும் தோற்கவில்லை. தோற்றது கையெழுத்து. உலோகத்தைப் படித்த அளவுக்கு அவர் காகிதத்தைப் படிக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவன் நான். உங்களில் பலரும் அப்படித்தான். டிப்ளமோ நமக்கு வேலை வாங்கித் தரட்டும், சந்தோஷம். அதோடு, நம் முன்னால் நீட்டப்படும் காகிதத்தை வரிக்கு வரி படித்துவிட்டுக் கையெழுத்துப் போடும் தைரியத்தையும் தரட்டும். ஸ்பேனர் பிடிக்க நம் அப்பாமார்களே கற்றுக்கொடுத்துவிடுவார்கள். இது நாம் படித்து அவர்களுக்குச் சொல்ல வேண்டியது.

- மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு