நாணயம் சுண்டிய சண்டியன்: ஜோர்ஜ் ராப்ட்டின் கதை

பழைய நகைச்சுவைப் படமொன்றில் வரும் சிறு காட்சி அது. ஹோட்டல் ஒன்றில் இளம் அடியாள் ஒருவன் நாணயத்தை மேலே சுண்டுவதும் பிடிப்பதுமாக நிற்கிறான். அவ்வழியே வரும் பாதாள உலகத் தலைவன் அந்த நாணயத்தை அந்தரத்திலேயே பறித்துக்கொண்டு, இந்த மட்டமான வித்தையை எங்கே பொறுக்கினாய் என்பதுபோல எரிந்து விழுகிறான்.

முதல் தடவை பார்த்தபோது இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. பல காலம் கழித்து 1932 இல் வெளியான ‘ஸ்கார்பேஸ்’ படத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. அந்த வித்தையை உலகத்துக்குக் காட்டியவரே நாணயத்தைப் பறித்த மனிதர்தான். அவர் பெயர் ஜோர்ஜ் ராப்ட். நகைச்சுவைப் படம் பில்லி வைல்டர் இயக்கி 1959 இல் வெளியான ‘சம் லைக் இட் ஹொட்’.

ராப்ட் பிறந்தது நியூயோர்க் நகரின் ஹெல்ஸ் கிச்சன் என்ற ஏழைப் பகுதியில். சண்டித்தனமும் வறுமையும் ஒன்றாக வளர்ந்த தெருக்கள் அவை. பின்னாளில் மதுக் கடத்தலில் பெயர் பெற்ற ஓனி மேடன் அவருடைய இளமைக்கால நண்பர். மேடனுக்காக ராப்ட் வாகனமும் ஓட்டியிருக்கிறார். ஆனால் அவருடைய உண்மையான திறமை கால்களில் இருந்தது. 1920களில் நியூயோர்க்கின் இரவு விடுதிகளில் மின்னல் வேகத்தில் சார்ள்ஸ்டன் நடனம் ஆடிப் பெயரெடுத்தார். அங்கிருந்துதான் ஹொலிவூட்டுக்குப் போனார்.

ஹொவார்ட் ஹோக்ஸ் இயக்கிய ‘ஸ்கார்பேஸ்’ அவரை உயர்த்திவிட்டது. நாயகன் போல் முனியின் வலதுகையாக வரும் அந்தப் பாத்திரத்துக்கு வசனம் குறைவு. அசையாத முகமும் மேலெழுந்து விழும் நாணயமுமே போதுமாக இருந்தன. அதன் பிறகு திரையில் வந்த எத்தனையோ சண்டியர்கள் அந்த நாணயத்தைக் கடன் வாங்கினார்கள். சண்டியன் என்றால் இப்படித்தான் உடுத்துவான், இப்படித்தான் நிற்பான் என்ற தோற்றத்தை உருவாக்கியவர்களில் ராப்ட்டும் ஒருவர்.

அவருடைய சிக்கலும் அங்கேயே தொடங்கியது. சண்டியனாக நடித்தவர் உண்மையிலும் சண்டியர்களோடு பழகினார். பக்ஸி சீகல் என்ற பெரும் குற்றவாளி அவருடைய நெருங்கிய நண்பர். சூதாட்ட வழக்கொன்றில் சீகல் சிக்கியபோது, 1944 இல், ராப்ட் நீதிமன்றத்துக்கே போய் அவருக்காகச் சாட்சி சொன்னார். நட்சத்திர நடிகர் ஒருவர் அப்படிச் செய்வதற்குத் துணிச்சல் வேண்டும். அதை விசுவாசம் என்றும் சொல்லலாம், மடமை என்றும் சொல்லலாம். இரண்டும் கலந்திருந்தன என்றே நான் நினைக்கிறேன்.

ஊர் தன்னை எப்படிப் பார்க்கிறது என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. அதனால் திரையிலாவது நல்லவனாகத் தெரிய வேண்டுமென்று விரும்பி, வந்த வாய்ப்புகளைத் தட்டிக்கழித்தார். நாயகன் இறுதியில் சாகிறான் என்பதற்காக ‘ஹை சியரா’வை மறுத்தார். இயக்குநர் புதியவர் என்பதற்காக ‘த மால்டீஸ் பல்கன்’ படத்தையும் விட்டார். 1941 இல் வெளிவந்த அந்த இரண்டிலும் நடித்து உச்சத்துக்குப் போனவர் ஹம்ப்ரி போகார்ட். வைல்டரின் ‘டபுள் இன்டெம்னிட்டி’யும் ராப்ட்டிடம் வந்தது. கொலைகாரனான நாயகன் கடைசியில் தன் பொலிஸ் அடையாளத்தைக் காட்ட வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தாராம். வைல்டர் பிற்காலத்தில் சொல்லிச் சிரித்த கதை இது. ராப்ட் மறுத்த படம் 1944 இல் வெளிவந்து பெரும் புகழ் பெற்றது.

அதே வைல்டர்தான் சுமார் 15 ஆண்டுகளுக்குப் பிறகு ராப்ட்டை அழைத்து, சண்டியர் படங்களையே கேலி செய்யும் படத்தில் ‘ஸ்பாட்ஸ் கொலம்போ’ என்ற பாத்திரத்தைக் கொடுத்தார். மரணச்சடங்கு நிலையத்துக்குள் ஒளிந்திருக்கும் மதுக்கடை, இத்தாலிய இசை நாடக ரசிகர்கள் என்ற போர்வையில் கூடும் குற்றவாளிகள் மாநாடு, பிறந்தநாள் கேக்குக்குள்ளிருந்து இயந்திரத் துப்பாக்கியோடு எழும் கொலையாளி என்று படம் முழுக்கக் கிண்டல்தான். ராப்ட் ஓரிடத்தில் பாதிப் பழமொன்றைக் கையிலெடுத்து அடியாளின் முகத்தில் தேய்க்கப் போகிறார். 1931 இல் ‘த பப்ளிக் எனிமி’ படத்தில் ஜேம்ஸ் காக்னி செய்ததைக் குறிக்கும் வேடிக்கை அது. நாணயம் சுண்டும் இளைஞனாக வருபவரோ, இன்னொரு புகழ்பெற்ற திரைச் சண்டியரான எட்வர்ட் ஜி. ரொபின்சனின் மகன்.

படம் 1929 இல் சிக்காகோவில் நடந்த வலன்டைன் தினப் படுகொலையைத் தழுவிய காட்சியோடுதான் சூடுபிடிக்கிறது. அந்த ஆண்டு பெப்ரவரி 14 ஆம் திகதி ஒரு வாகனத் தரிப்பிடத்தில் ஏழு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். உண்மையான இரத்தத்தின் மீது நகைச்சுவையைக் கட்டுவது ஆபத்தான வேலை. அது இங்கே பலித்ததற்கு ராப்ட் ஒரு காரணம். படம் முழுவதும் அவர் ஒரு தடவைகூட விளையாட்டாக நடிக்கவில்லை. ‘ஸ்கார்பேஸ்’ படத்தில் எப்படி நின்றாரோ அப்படியே இறுகி நிற்கிறார். அவர் பயமுறுத்துவதால்தான் பெண் வேடமிட்டு ஓடும் ஜாக் லெமனையும் டோனி கேர்ட்டிஸையும் பார்த்து நாம் சிரிக்கிறோம்.

இந்தப் படத்தோடு பழைய முத்திரை கழன்றிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. படப்பிடிப்பு முடிந்த கையோடு அவர் இருந்த இடம் கியூபாவின் ஹவானா. அங்கே கப்ரி ஹோட்டலின் சூதாட்ட விடுதியில் விருந்தினரை வரவேற்பது அவர் வேலை. 1959 புத்தாண்டு நாளில் சர்வாதிகாரி பட்டிஸ்டா நாட்டை விட்டு ஓட, ஆத்திரத்தோடு கூட்டம் விடுதிக்குள் புகுந்தது. ராப்ட்டின் அந்தப் பிழைப்பும் அத்தோடு போனது. 1965 இல் வருமான வரி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பின்னர் லண்டன் சூதாட்ட விடுதியொன்றின் முகமாக இருந்தார். 1967 இல் பிரித்தானியா அவருக்குத் தன் கதவை மூடிவிட்டது. அதே ஆண்டு வந்த ‘கசினோ ரோயல்’ கேலிப் படத்தில் ஜோர்ஜ் ராப்ட்டாகவே வந்து, நாணயத்தைச் சுண்டிவிட்டு மறைகிறார்.

திரையில் அவரைப் பார்த்துச் சிரிக்க உலகம் தயாராக இருந்தது. திரைக்கு வெளியே அவர் கைகுலுக்கிய மனிதர்களை எந்த அரசாங்கமும் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. நல்லவனாகத் தெரிய வேண்டுமென்று பெரிய பாத்திரங்களை விட்டவர், அந்த நட்புகளை மட்டும் விடவில்லை.

1980 நவம்பர் 24 ஆம் திகதி லொஸ் ஏஞ்சலிஸில் காலமானார். 1932 இல் அவருடைய படத்தில் திரைக்கு அறிமுகமான மே வெஸ்ட் அதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னர்தான் மறைந்திருந்தார்.

‘சம் லைக் இட் ஹொட்’ படத்தை இப்போதும் அவ்வப்போது பார்க்கிறேன். நாணயக் காட்சி வரும்போது சிரிப்பும் வருகிறது. ஆனால் என் கண் நாணயத்தில் இல்லை, அதைப் பறித்த மனிதரின் முகத்தில் இருக்கிறது. அந்த எரிச்சல் முழுக்க நடிப்புத்தானா என்று ஒவ்வொரு தடவையும் யோசிக்கிறேன்.