தாளைக் கொண்டு கணிதம் கற்பித்தவர்

சதுரத் தாள் ஒன்று கிடைத்தால் நாம் கப்பல் செய்வோம், பறவை செய்வோம். அத்தாளைக் கொண்டே வடிவியலைக் கற்பிக்கலாம் எனக் காட்டியவர் தண்டலம் சுந்தர ராவ்.

அவர் சென்னை மாகாணத்தில் அரசு அலுவலராகப் பணியாற்றியவர். அந்நாளில் மழலையர் பள்ளிகளில் தாள் மடிக்கும் விளையாட்டு கற்பிக்கப்பட்டது. 200 வண்ணச் சதுரத் தாள்கள் அடங்கிய அவ்விளையாட்டுத் தொகுப்பு அவரது சிந்தனையைத் தூண்டியது. குழந்தைகளின் கைப்பொருள் பெரியோரின் கணிதத்தையும் விளக்கும் என அவர் உணர்ந்தார். தம் முயற்சியின் பயனை 1893 ஆம் ஆண்டு சென்னையில் ஆங்கில நூலாக வெளியிட்டார்.

அவர் முறைக்குக் கவராயம் வேண்டுவதில்லை. தாள், சிறு கத்தி, அளவெடுக்கத் துண்டுத் தாள்கள் ஆகியவையே போதும். சான்றாக, சமபக்க முக்கோணம் அமைக்கும் வழியைக் காண்போம். சதுரத் தாளை இடவலமாக இரண்டாக மடித்துப் பிரித்தால், நடுவில் செங்குத்தாக ஒரு கோடு தோன்றும். கீழ் இடமுனை அசையாதிருக்க, கீழ் வலமுனையைத் தூக்கி அக்கோட்டின்மேல் படியுமாறு மடிக்க வேண்டும். அது படிந்த புள்ளியைக் குறித்துக்கொண்டு, கீழ் முனைகள் இரண்டோடும் இணைத்தால் சமபக்க முக்கோணம் கிடைக்கும். ஐங்கோணம், அறுகோணம் முதலியவற்றையும் அந்நூல் மடிப்பினாலேயே அமைத்துக் காட்டுகிறது.

ஜெர்மானியக் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன் தம் நூலில் இதனைக் குறிப்பிட்டார். அதன் வழியே இதனை அறிந்த அமெரிக்கப் பேராசிரியர்கள் பீமன், ஸ்மித் ஆகிய இருவரும் இதனைத் திருத்திப் பதிப்பித்தனர். அப்பதிப்பு 1901 இல் சிகாகோவில் வெளிவந்தது.

கொடுக்கப்பட்ட கனசதுரத்தைப் போல் இருமடங்கு கனஅளவு கொண்ட கனசதுரத்தின் பக்கத்தை மடிப்பினால் பெற இயலாது என்று சுந்தர ராவ் கருதினார். ஆயினும், இயலும் என்பதற்கான வழியை 1936 இல் இத்தாலிய அறிஞர் மார்கரிட்டா பெலோக் கண்டறிந்தார். தாளின் ஆற்றல் அதன்மீது நம்பிக்கை வைத்தவர் எண்ணியதினும் பெரிதாக இருந்தது!

மாணவர்களே, விலையுயர்ந்த கருவிகள் இல்லையே என வருந்தாதீர்கள். கையில் உள்ள தாளை உற்று நோக்குங்கள். அதனுள்ளும் கணிதம் உண்டு.

பயிற்சி

1. சுந்தர ராவின் சிந்தனையைத் தூண்டியது எது?

2. அவரது நூல் அமெரிக்காவை அடைந்தது எவ்வாறு?

3. பாடத்தில் கூறியவாறு ஒரே அளவுள்ள நான்கு சமபக்க முக்கோணங்களைச் செய்து, வெட்டி, விளிம்புகளை ஒட்டி நான்முகி ஒன்றை அமைக்க. செய்த முறையை ஐந்து தொடர்களில் எழுதுக.