நெஞ்சுச்சளிக்கு மருந்து தந்த சுப்பாராவ்

கேமரன் மலைத் தோட்டங்களில் இருமல் புதிதல்ல. விடியற்காலைப் பனியிலும் சாரலிலும் கொழுந்துக்குப் போகிறவர்களுக்கு மார்புச்சளி வந்தால், குளிர் பிடித்துவிட்டது என்று சொல்லிக் கஷாயம் வைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். கஷாயத்துக்கு அடங்காத இருமலுக்குத் தோட்டத்து டிரெசரிடம் போய் மாத்திரை வாங்கினார்கள் நம் பெரியவர்கள். அப்படி வாங்கிய சில மருந்துகளுக்குப் பின்னால், சென்னையில் மருத்துவம் படித்த ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். உலகமெங்கும் அவர் மருந்துகளைச் சாப்பிட்டவர்கள் பல கோடி. அவர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் மிகச் சிலர்.

சுப்பாராவ் 1895 ஜனவரி 12ஆம் தேதி, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமாவரத்தில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் நான்காமவர். வீட்டில் வறுமை. நெருங்கிய உறவுகளை நோய் அடுத்தடுத்துக் கொண்டுபோனது. படிப்பில் மனம் நிற்கவில்லை. மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோற்றார். மூன்றாவது முறை, சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். பரீட்சையில் ஒருமுறை தவறினாலே பிள்ளையின் கதை முடிந்தது என்று நினைக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

மாநிலக் கல்லூரியில் இண்டர்மீடியட் முடித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நண்பர்களும், பிறகு மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் படிப்புச் செலவுக்குக் கைகொடுத்தார்கள். அது காந்தி அந்நியத் துணியை விலக்கச் சொன்ன காலம். சுப்பாராவ் அறுவை சிகிச்சை வகுப்புக்கும் கதர் உடுத்திப் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. அரசு மருத்துவப் பணிக்கு முயன்றும் இடம் கிடைக்காமல், சென்னையில் டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு பாடம் நடத்தினார்.

இதற்கிடையில் அவருடைய சகோதரர்கள் இருவர் ஸ்புரூ என்னும் குடல்நோயால் குறுகிய இடைவெளியில் இறந்தார்கள். சாப்பிட்டது உடலில் ஒட்டாமல், இரத்தம் குறைந்து, ஆளை எலும்பாக்கிவிடும் நோய் அது. அதற்கு அப்போது ஆங்கில மருத்துவத்தில் சரியான மருந்து இல்லை. சுப்பாராவுக்கும் அந்த நோய் வந்தது. ஆயுர்வேத சிகிச்சையில் பிழைத்துக்கொண்டார். மருந்து இல்லாத நோய்க்கு மருந்து தேட வேண்டும் என்ற எண்ணம் அவருக்குள் வேரூன்றியது இந்தச் சாவுகளுக்குப் பிறகுதான்.

1922 அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் போய் இறங்கினார். மாமனாரும் காக்கிநாடாவிலுள்ள ஓர் அறக்கட்டளையும் பண உதவி செய்தார்கள். ஏறக்குறைய அதே காலத்தில்தான் நம் பாட்டன் பாட்டிகள் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். சில வருடத்தில் திரும்பிவிடலாம் என்று நினைத்துப் போனவர்களில் பலர் ஊரை மறுபடி பார்க்கவே இல்லை. சுப்பாராவ் கதையும் அதுதான். மனைவி சேஷகிரியை ஊரில் விட்டுப் போனவர் திரும்பவே இல்லை. அவர் போன பிறகு பிறந்த மகன், தந்தையின் முகத்தைக் காணாமலே கைக்குழந்தையாக இறந்துபோனான்.

ஹார்வர்டில் படித்துக்கொண்டே மருத்துவமனையில் இரவுநேர எடுபிடி வேலை பார்த்தார். பிறகு பேராசிரியர் ஃபிஸ்க்குடன் சேர்ந்து, இரத்தத்தில் பாஸ்பரஸ் அளவைக் கண்டறியும் முறையை 1925இல் வெளியிட்டார். நம் உடல் வேலை செய்யத் தேவையான சக்தியைத் தாங்கும் ஏ.டி.பி. என்னும் பொருளையும் இருவரும் 1929இல் தசையிலிருந்து பிரித்துக் காட்டினார்கள். இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940இல் நியூயார்க் அருகே பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவுக்குப் போனார். அடுத்த எட்டு ஆண்டுகளில் அவர் வழிநடத்திய குழுக்களிடமிருந்து வந்தவைதான் நம் தோட்டங்கள் வரை எட்டிய மருந்துகள்.

முதலாவது, ஃபோலிக் அமிலம். 1945இல் அவருடைய குழு இதைச் செயற்கையாகத் தயாரித்தது. சகோதரர்களைக் கொன்ற ஸ்புரூ நோய்க்கு அது மருந்தானது. இன்று கர்ப்பிணிகளுக்கு கிளினிக்கில் கொடுக்கும் மாத்திரையும் இதுவே.

இரண்டாவது, ஹெட்ராசான். 1947இல் வெளிவந்த இந்த மாத்திரை யானைக்கால் நோய்க்காகக் கண்டுபிடிக்கப்பட்டது. மருத்துவர்கள் சொல்லும் பெயர் டை எத்தில் கார்பமசின். யானைக்கால் நோயைப் பரப்பும் நுண்புழு கொசுக்கடி மூலம் உடலுக்குள் போகிறது. சிலருக்குக் கால் வீங்குவதில்லை; அந்தப் புழுவின் குஞ்சுகள் நுரையீரலில் சிக்க, உடல் அவற்றை எதிர்த்து அளவுக்கு மீறிச் சீறுகிறது. இரவானால் ஓயாத இருமல், இழுப்பு, மூச்சுத்திணறல், எடை குறைவு. பார்த்தால் ஆஸ்துமா போலவே இருக்கும். ஆனால் இரத்தத்தைச் சோதித்தால் இயோசினோபில் என்னும் வெள்ளை அணுக்கள் மிக அதிகமாக இருக்கும். ஆஸ்துமா மருந்தால் இது தீராது. ஹெட்ராசானைச் சுமார் மூன்று வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். கவனிக்காமல் விட்டால் நுரையீரலில் நிரந்தரத் தழும்பு விழுந்துவிடலாம்.

இந்த நோய் இந்திய வம்சாவளியினரிடம் அதிகம் காணப்பட்டது. சிங்கப்பூரில் பணியாற்றிய டாக்டர் தனராஜ் இதை ஆழமாக ஆராய்ந்து, இந்த மாத்திரை தரும் பலனை 1958இல் மருத்துவ இதழில் எழுதினார். பின்னர் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவத் துறையைத் தொடங்கி வைத்த முதல் டீன் அவர்தான்.

மூன்றாவது, ஆரியோமைசின். பெஞ்சமின் டக்கர் என்ற முதிய தாவரவியலாளருக்கு லெடர்லியில் சுப்பாராவ் இடம் கொடுத்தார். டக்கர் ஊர் ஊராக மண் வரவழைத்துச் சோதித்தார். மிசூரியிலிருந்து வந்த மண்ணில் பொன்னிறக் கிருமி ஒன்று கிடைத்தது. அதிலிருந்து எடுத்த மருந்து 1948இல் அறிமுகமானது. டெட்ராசைக்ளின் குடும்பத்தில் முதலாவது இது. பென்சிலின், கிருமியின் மேலோட்டைக் கட்டவிடாமல் செய்து கொல்லும். சிலவகை நிமோனியாக் கிருமிக்கு அந்த ஓடே கிடையாது. அதனிடம் பென்சிலின் பலிக்காது. டெட்ராசைக்ளினோ கிருமி புரதம் தயாரிப்பதைத் தடுக்கிறது. அதனால் அங்கேயும் வேலை செய்கிறது. இன்று மார்புத் தொற்றுக்கு டாக்டர் எழுதித் தரும் டாக்சிசைக்ளின் இதே குடும்பம்தான்.

அந்த மருந்து உலகுக்கு வந்த அதே 1948இல், ஆகஸ்ட் மாதத்தில், சுப்பாராவ் தூக்கத்திலேயே மாரடைப்பால் இறந்தார். வயது 53. கண்டுபிடிப்புகளை அறிவிக்கும்போது குழுவினரை முன்னே விட்டுத் தாம் பின்னால் நிற்பது அவர் பழக்கம். பெயர் பரவாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். பிறந்து நூறாண்டு ஆன 1995இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

அவர் வாழ்நாளெல்லாம் தேடிக் கொடுத்ததை நாம் வீணாக்காமல் இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றால், பனி என்று சொல்லித் தள்ளிப்போடாமல் தோட்டத்து கிளினிக்குக்கோ தானா ராத்தா மருத்துவமனைக்கோ போய்ச் சளியும் இரத்தமும் சோதித்துக்கொள்வது நல்லது. காசநோயா, ஆஸ்துமாவா, இயோசினோபில் இருமலா என்று தெரிந்தால்தான் சரியான மருந்து கிடைக்கும். கொடுத்த மாத்திரையை, இருமல் நின்றுவிட்டது என்று பாதியில் நிறுத்தக்கூடாது. மீந்த மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கக்கூடாது. குறிப்பாக, டெட்ராசைக்ளினைக் கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் டாக்டர் சொல்லாமல் தரவே கூடாது. வளரும் பற்களில் அது கறையேற்றிவிடும்.

தம் சகோதரர்களுக்கு நேரத்தில் கிடைக்காத மருந்தை நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கச் செய்தவர் சுப்பாராவ். அடுத்த முறை கிளினிக்கில் மாத்திரை வாங்கும்போது, மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தோற்ற அந்தப் பையனைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.