ஒரு டாலர் காப்புரிமை

பழனி மலைத்தொடரில், கொடைக்கானல் பகுதியைச் சேர்ந்த பேத்துப்பாறையில் வாழும் சிறுவன் ஒருவனுக்கு இன்று முதல்வகை நீரிழிவு நோய் வந்தாலும், நாள்தோறும் இன்சுலின் செலுத்திக்கொண்டு அவன் பள்ளிக்குச் சென்றுவர இயலும். 1921 ஆம் ஆண்டில் உலகின் எந்தப் பெருநகரச் சிறுவனுக்கும் அவ்வாய்ப்பு இல்லை. உணவைப் பெரிதும் குறைத்துச் சாவைச் சிறிது காலம் தள்ளிப்போடுவதே மருத்துவர்கள் அறிந்த வழி. அந்நிலையை மாற்றியவர் பிரடெரிக் பேண்டிங்.

இவர் 1891 நவம்பர் 14 அன்று கனடாவின் அலிஸ்டன் அருகே உழவர் குடும்பத்தில் பிறந்தார். நாம் குழந்தைகள் நாளாகக் கொண்டாடும் அந்நாளே உலக நீரிழிவு நாளும் ஆகும். முதல் உலகப் போரில் படை மருத்துவராகப் பணியாற்றிக் காயமுற்றார். பின்னர்த் தொடங்கிய மருத்துவமனைக்கு நோயாளிகள் மிகுதியாக வரவில்லை. செலவைச் சரிக்கட்டக் கல்லூரியில் பாடம் நடத்தினார். 1920 அக்டோபர் இறுதியில், கணையம் பற்றிய பாடத்திற்காகப் படித்த இரவில் ஓர் எண்ணம் தோன்றியது. கணையத்தின் செரிமான நீரே சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் பொருளை அழிக்கிறது எனில், கணைய நாளத்தைக் கட்டிவிட்டு அப்பொருளைப் பிரித்தெடுக்கலாம் அன்றோ?

தொராண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் மக்லியாடு முதலில் தயங்கினார். பின்னர் ஆய்வகமும் சில நாய்களும் அளித்து, சார்லஸ் பெஸ்ட் என்னும் மாணவரையும் துணைக்குத் தந்தார். 1921 கோடையில், கணையம் நீக்கப்பட்ட நாயின் குருதிச் சர்க்கரையை அவர்களது சாறு குறைத்தது. 1922 ஜனவரி 11 அன்று, 14 வயது லியோனார்டு தாம்சனுக்கு அதனைச் செலுத்தினர். சர்க்கரை சிறிதே குறைந்தது. ஊசி போட்ட இடத்தில் கட்டி உண்டாயிற்று. வேதியியலாளர் காலிப் சாற்றைத் தூய்மையாக்கினார். ஜனவரி 23 அன்று மீண்டும் செலுத்தியபோது சிறுவன் தேறினான்; மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

விரும்பியிருந்தால் பெருஞ்செல்வம் திரட்டியிருக்கலாம். ஆனால் பேண்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு காப்புரிமையைப் பல்கலைக்கழகத்திற்கு வழங்கினர். 1923 இல் நோபல் பரிசு பேண்டிங்குக்கும் மக்லியாடுக்கும் கிடைத்தது. பெஸ்ட் விடுபட்டதற்குச் சினந்த பேண்டிங், தம் பரிசுத் தொகையில் பாதியை அவருக்கு அளித்தார். 1941 பிப்ரவரியில் வானூர்தி விபத்தில், 49 ஆம் வயதில் மறைந்தார்.

இன்சுலின் ஒரு புரதம். வாய்வழி உட்கொண்டால் உணவைப் போலவே செரித்துவிடும். அதனால்தான் ஊசி. குருதிச் சர்க்கரை உயரும்போது தானே உணர்ந்து, நுண்ணூசிகள் வழியே இன்சுலினை விடுவிக்கும் சிறிய தோல் ஒட்டு ஒன்றை அமெரிக்க ஆய்வாளர்கள் 2015 இல் எலிகளிடமும் 2020 இல் பன்றிகளிடமும் சோதித்துள்ளனர்.